நற்செய்தி ஏறிவந்த கருவிகள்



1820-ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் கரெட் என்னும் அமெரிக்கர் ஒருவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அச்சுத்தொழில் அறிந்தவர் அவர். அமெரிக்க மிஷனாருக்கென ஓர் அச்சுப்பொறி முன்னரே வந்திருந்தது. அதனை இயக்குதற்கே அவர் அனுப்பப்பட்டார். ஆனால் எட்வர்ட் பார்ன்ஸின் ஆட்சி அவரை இத்தீவிலே தங்க விடவில்லை. அவர் பம்பாய்க்குச் சென்றார். பொறியோ நல்லூரிலிருந்த சர்ச் மிஷன் சங்கத்தார் கைக்கு மாறிற்று. புதிய அமெரிக்க மிஷனார் வருதற்கிருந்த தடை 1833-இல் நீங்கிய பின்னரே, 1834-இல் ஈஸ்ற்மன் மைனர் என்னும் அச்சாளர் வர, மானிப்பாயிலே மிஷன் அச்சுக்கூடம் நிலைபெற்றது. 1841 சனவரியில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது.

ஒரு சமயத்தின் செய்தியைப் பரப்புதற்கு எந்தக் கருவி கைக்கொள்ளப்படினும், அக்கருவியை யார் ஆளுவது என்ற வினாவும் உடன் எழுகின்றது. யாழ்ப்பாணத்தார் இதனை நன்கு அறிவர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்த ஆறுமுக நாவலரே, 1849-இல் சென்னை சென்று அச்சுப்பொறி பெற்றுவந்து, வண்ணார்பண்ணையிலே சைவ நூல்களை அச்சிட்டார். பொறிக்குச் சமயம் ஏது?

அச்சுக்கு ஒரு குறை உண்டு. எழுத்தறியாதார்க்கு அது ஊமை. எழுத்தே இல்லாத மொழிகளைப் பேசுவோர்க்கோ அதனாற் பயன் யாதுமில்லை. இக்குறையைத் தீர்க்க முனைந்தோருள் ஜோய் றிடர்ஹோவ் என்னும் பெண்மணியின் வரலாறு சிறிது விரித்துரைத்தற்குரியது.

இவர் 1930-இல் மத்திய அமெரிக்காவின் ஹொண்டூரஸ் நாட்டுக்குச் சமயப் பணியாளராகச் சென்றார். மலேரியாவினால் உடல் நலிந்து, 1936-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் திரும்பினார். மீளவும் செல்ல உடல் இடந்தரவில்லை. ஆனால், அந்நாட்டுச் சிற்றூர்களின் மதுக்கடைகளிலே இசைத்தட்டுகள் ஓயாது பாடியதும், மக்கள் சூழ்ந்து கேட்டதும் அவர் நினைவில் இருந்தன. தாம் போக இயலாத இடத்துக்குத் தம் குரல் போகலாமே! சிறியதொரு ஸ்பானிய மொழிப் பதிவைச் செய்து அனுப்பினார். அதிலிருந்து 1939-இலே தோன்றியதே 'கொஸ்பல் றெக்கோடிங்ஸ்' என்னும் நிறுவனம்.

ஸ்பானிய மொழியோடு வேலை நின்றிருந்தால் இதனைச் சொல்ல வேண்டியதில்லை. பிற மொழிகளிலும் பதிவு வேண்டுமெனக் கேட்கப்பட்டபோது, றிடர்ஹோவும் அவருடைய தோழியரும் தாம் அறியாத மொழிகளைப் பதியப் புறப்பட்டனர். அறியாத மொழியை எவ்வாறு பதிவது? அவர்கள் கையாண்ட முறை எளியது. இருமொழி அறிந்த ஒருவர் ஒரு தொடரை உள்ளூர் மொழியிலே சொல்லிக்கொடுப்பார். அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மற்றொருவர் அதனைத் திருப்பிச் சொல்வார். இவ்வாறு தொடர் தொடராகப் பதிந்து, இடையிலுள்ள மௌனங்களையும் பிழைகளையும் வெட்டி நீக்கி ஒன்றாக இணைப்பர். கேட்போர்க்கு அது தம்மூரார் ஒருவர் தடையின்றிப் பேசுவதுபோலவே தோன்றும். பிறநாட்டாரின் உச்சரிப்பு இடையில் இல்லை. இம்முயற்சியின் முழு வலிமையும் இதிலே அடங்கியிருந்தது என்பது என் கருத்து.

மின்சாரம் இல்லாத இடங்களில் தட்டை எவ்வாறு இயக்குவது? அதற்கும் வழி கண்டனர். மடித்து நிறுத்தக்கூடிய ஓர் அட்டைத் துண்டு. அதிலே ஓர் ஊசி. தட்டை விரலாலோ சிறு குச்சியாலோ சுழற்ற வேண்டும். ஊசியின் அதிர்வை அட்டையே வாங்கி ஒலிக்கும். கை விரைந்தால் குரல் கீச்சிடும், தளர்ந்தால் கரகரக்கும். 'காட்ரோக்' என்று அதற்குப் பெயர். பின்னர் ஒலிநாடா வந்தது. கையால் சுழற்றி மின்னாற்றல் பெறும் ஒலிநாடாப் பெட்டிகளும் வந்தன. வானொலியும் இப்பணியில் ஈடுபட்டது. நம் நாட்டுப் புத்தளத்திலிருந்தும் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் மத்திய அலையிலே இந்தியாவை நோக்கிச் சென்றதுண்டு.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலுள்ள ஒரு திருச்சபையார் 2007-இல் 'யூவேர்ஷன்' என்ற பெயரில் விவிலியத்தைக் கணினிவழி வாசிக்கும் தளமொன்றைத் தொடங்கினர். அதனை நாடியோர் சிலரே. கைவிடும் நிலைக்கும் வந்தனர். வாசகர் மேசைக் கணினியின் முன் வந்து அமரவேண்டியிருந்ததே தடை என்று உணர்ந்து, 2008 யூலையில் அதனைக் கைத்தொலைபேசிச் செயலியாக்கினர். 2021-இல் அச்செயலி நிறுவப்பட்ட எண்ணிக்கை 50 கோடியைக் கடந்தது. நூல் ஒன்றே, சட்டைப்பைக்குள் வந்ததே வேறுபாடு.

ஆயினும், இணையம் எட்டாத ஊர்களிலே நடப்பதே எனக்கு வியப்பூட்டுகின்றது. நகத்தளவான 'மெமரி கார்ட்' ஒன்றிலே புதிய ஏற்பாடு முழுவதும் குரல்வடிவில் அடங்குகின்றது. எளிய தொலைபேசியிலும் அது ஒலிக்கும். ஒருவர் தம் தொலைபேசியிலிருந்து அயலவர் தொலைபேசிக்கு 'புளூடூத்' வழியே செலவின்றி மாற்றிக்கொடுக்கலாம். அட்டைப் பெட்டியின் நேர் வாரிசு இதுவே.

ஆனால், பழைய தட்டுக்கு இல்லாத ஓர் இயல்பு இணையத்தோடு இணைந்த தொலைபேசிக்கு உண்டு. தட்டு தன்னைக் கேட்டவர் யார் என்று எவரிடமும் சொல்லாது. தொலைபேசியோ யார், எப்பொழுது, எதனைத் திறந்தார் என்பதைக் குறித்துவைக்க வல்லது. சமயம் மாறுவது பகையையோ தண்டனையையோ வருவிக்கும் இடங்களில், கையிலுள்ள கருவியே சாட்சியாகிவிடும். செய்தி அனுப்புவோர் தம் ஆர்வத்தினால் இதனை மறத்தல் தகாது. ஆபத்து அவர்களுக்கன்று, கேட்பவருக்கே. வாயிற்கதவை அடைப்போரும் இல்லாமற் போகவில்லை. 2021 ஒக்டோபரில், சீனத்து ஆப்பிள் அங்காடியிலிருந்து 'ஒலிவ் ட்ரீ' விவிலியச் செயலி நீங்கியது. 'குர்ஆன் மஜீத்' செயலியும் நீங்கியது. கரெட்டைக் கப்பலேற்றி அனுப்பிய வேலைதான் இதுவும்.

நம் நாட்டில் இக்கருவிகளின் தன்மை வேறொரு துயரத்திலே வெளிப்பட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் குண்டுகளால் மாண்டனர். அன்றே அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலியவற்றைத் தடுத்தது; ஏப்ரல் 30 அளவிலேதான் அத்தடை நீங்கியது. வதந்தி பரவலாகாது என்பது அரசின் காரணம். ஆனால் அதே தடத்திலேதான் உறவினர் ஒருவரையொருவர் தேடினர்; சபையார் ஆறுதலும் செபமும் அனுப்ப முயன்றதும் அதன்வழியே. அடுத்த ஞாயிறாகிய 28-ஆம் நாள், ஆலயங்களிலே பொதுப் பூசை நடைபெறவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் சிலரோடு நிறைவேற்றிய பூசையைக் கத்தோலிக்கர் தம் இல்லங்களிலிருந்து தொலைக்காட்சியிலே கண்டனர்.

றிடர்ஹோவ் 1984-இல் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்று 'குளோபல் றெக்கோடிங்ஸ் நெற்வேர்க்' எனப்படுகின்றது. அதன் பதிவுகள் 6,000-க்கு மேற்பட்ட மொழிகளிலும் கிளைமொழிகளிலும் உள்ளன. தட்டிலும் நாடாவிலும் இருந்த பழைய குரல்கள் பல இப்பொழுது தொலைபேசியிலே கேட்கக் கிடைக்கின்றன. அவற்றுள் சில, பேசுவோர் அருகிவரும் மொழிகளுக்குரியவை. சமயத்தை நாடாத மொழியறிஞரும் அவற்றைச் செவிமடுக்கலாம், கட்டணம் இல்லை.