ஜெரார் கிரிசே

ஜெரார் கிரிசே (17 ஜூன் 1946 – 11 நவம்பர் 1998) பிரெஞ்சு இசையமைப்பாளர். ஓர் ஒலிக்குள் அடங்கியிருக்கும் மேற்சுரங்களைக் கொண்டே இசையைக் கட்டும் ‘நிறமாலை இசை’யின் முன்னோடிகளில் ஒருவர்.

கிழக்குப் பிரான்சின் பெல்ஃபோர் நகரில் பிறந்தார். முதலில் பழகிய வாத்தியம் அக்கார்டியன். ஜெர்மனியின் திராசிங்கனில் படித்தபின், பாரிஸ் கன்சர்வேட்டரியில் ஒலிவியே மெசியானிடம் பயின்றார். 1972 முதல் 1974 வரை ரோமில் உள்ள பிரெஞ்சுக் கலைக்கழகமான வில்லா மெடிசியில் தங்கியிருந்தபோது, ஒரே சுரத்தை வைத்து இசை எழுதிய ஜாசிந்தோ ஷெல்சியைச் சந்தித்தார். 1973இல் திரிஸ்தான் முராய் முதலிய நண்பர்கள் தொடங்கிய ‘லித்தினெரேர்’ குழு இவர் இசைக்கு மேடையானது.

இவருடைய பெரும்படைப்பு ‘ஒலி வெளிகள்’ (1974–85). தனி வயோலாவில் தொடங்கிப் பேரார்க்கெஸ்ட்ராவாக விரியும் ஆறு பகுதிகள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மூன்றாம் பகுதியான ‘பார்சியேல்’ (1975) தொடங்கும்போது டபுள் பாஸும் டிராம்போனும் ‘ஈ’ என்னும் அடிச்சுரத்தை எழுப்புகின்றன. அந்தச் சுரத்தின் மேற்சுரங்களை ஆராய்ந்து, அவற்றை மற்ற வாத்தியங்களுக்குப் பங்கிட்டிருக்கிறார் கிரிசே. தம்பூரா நன்றாகச் சுருதி சேர்ந்ததும் யாரும் மீட்டாத காந்தாரம் தானே எழுவதைக் கேட்ட காதுக்கு இது உடனே பிடிபடும்: மறைந்து நிற்கும் அந்தக் காந்தாரத்தை இங்கே ஒருவர் வாய்விட்டு வாசிக்கிறார். ‘பார்சியேல்’ முடியும்போது கலைஞர்கள் தாள்களைப் புரட்டுகிறார்கள், வாத்தியங்களை மூட்டை கட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் இரு கைகளிலும் சிம்பல்களை ஓங்குகிறார். அவை மோதுமுன் விளக்கு அணைந்துவிடுகிறது. கடந்த நூற்றாண்டு இசையில் இதைப்போல் மூச்சை நிறுத்தவைக்கும் முடிவுகள் மிகச் சில.

‘நிறமாலை’ என்ற பெயரில் அவருக்கு நிறைவில்லை. அவர் மனம் முழுக்கக் காலத்தின் மீதே இருந்தது. மனிதர், திமிங்கிலம், பறவை என மூவகைக் காலங்களைப் பற்றிச் சிந்தித்தார். ‘வோர்டெக்ஸ் டெம்போரம்’ (1994–96) ராவேலின் ‘தாஃப்னிஸும் குளோயியும்’ படைப்பில் வரும் ஒரு சிறு சுரக்கொத்தை எடுத்து, சுருக்கியும் விரித்தும் வெவ்வேறு காலங்களில் ஓடவிடுகிறது. பியானோவின் நான்கு சுரங்கள் கால் சுரம் இறக்கப்பட்டிருக்கும். ‘விண்மீனின் கருமை’யில் (1989–90) ஆறு தாளக் கலைஞர்கள் அவையைச் சூழ்ந்து வாசிக்க, பல்சார் என்னும் விண்மீன்களின் துடிப்பும் உடன் ஒலிக்கிறது.

1982 முதல் 1986 வரை கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலும், பிறகு பாரிஸ் கன்சர்வேட்டரியிலும் கற்பித்தார்.

கடைசியாக எழுதியது ‘வாசலைக் கடக்க நான்கு பாடல்கள்’. நான்கும் சாவைப் பற்றியவை. எகிப்தியச் சவப்பெட்டி வாசகங்களும் கில்காமேஷ் காவியமும் அவற்றில் இடம்பெறுகின்றன. முடிவில் வருவது ஒரு தாலாட்டு. எழுதி முடித்த சில மாதங்களில், 52 வயதில், இரத்தக்குழாய் வீக்கம் வெடித்துப் பாரிசில் இறந்தார். அந்தப் பாடல்கள் 1999 பிப்ரவரியில் லண்டனில் முதன்முறையாக அரங்கேறின.