பெலவேந்திரன்: ஒரு பெயரும் அதற்குள் இருக்கும் பெலனும்

சேர்வராயன் மலையின் பெயரை ஆங்கிலேயர் 'ஷெவராய்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். மலையாளிப் பழங்குடியினருக்கோ அது சாமியின் பெயர். உச்சியிலுள்ள குகைக்கோயிலில் காவேரியம்மனோடு குடியிருக்கும் சேர்வராயனுக்கு அவர்கள் மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள். பெயரின் கடைசியில் நிற்கும் 'ராயன்' அரசனைக் குறிக்கும் சொல். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் இந்த ராயன் பழக்கமானவர்தான். அவர்களுடைய பழைய செப வழக்கில் பேதுரு என்றால் இராயப்பர். பேதுருவின் உடன்பிறந்தவரான அந்திரேயா, பெலவேந்திரர். கலிலேயக் கடலில் வலை வீசிப் பிழைத்த அண்ணன் தம்பி இருவருக்கும் தமிழில் அரசப் பெயர்கள்போல ஒலிக்கும் பெயர்கள் வாய்த்தன.

இராயப்பரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெலவேந்திரரை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தாத்தாவின் பெயர் பெலவேந்திரன், பேரனின் பெயர் ஆன்ட்ரூ என்று இருக்கும் வீடுகளில்கூட இரண்டும் ஒரே பெயர் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் புனிதர்களின் பெயர்களை ஒலிபெயர்த்ததோடு நிற்காமல் பொருளையும் பெயர்த்தார்கள். ஸ்தேவானின் கிரேக்கப் பெயருக்கு மணிமுடி என்று பொருள். எனவே அவர் முடியப்பர். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அவர் சின்னப்பர். யோவானின் எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். அந்திரேயா என்ற பெயர் ஆண்மகனைக் குறிக்கும் கிரேக்க அடியிலிருந்து வந்தது. வீரம், துணிவு என்ற பொருள்களும் அதே அடியிலிருந்து கிளைத்தன. தமிழின் 'ஆண்மை'யும் அப்படிப்பட்ட சொல்தான். ஆனாலும் பெயர் வைத்தவர்கள் ஆண்மையை விட்டுப் பெலத்தை எடுத்துக்கொண்டார்கள். பெயரின் பின்பாதியில் தலைவன் என்ற பொருளில் இந்திரன் ஒலிக்கிறான். வேந்தன் என்று காதில் விழவும் இடமுண்டு.

'பலம்' என்ற வடசொல் 'பெலம்' ஆனது எப்படி? அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வடமொழியில் அதிர்வொலியோடு தொடங்கும் சொற்கள் தமிழ் வாயில் புழங்கும்போது, முதலெழுத்தின் அகரம் எகரமாகத் திரிவது வழக்கம். கங்கை கெங்கை ஆகிறது; தண்டம் தெண்டம் ஆகிறது; ஜயம் ஜெயம் ஆகிறது. ரத்தத்தை ரெத்தம் என்றும் லட்சுமியை லெட்சுமி என்றும் சொல்வதும் இதே பழக்கந்தான். கத்தோலிக்கர் சொல்லும் செபமும் சீர்திருத்த சபையார் சொல்லும் ஜெபமும் 'ஜபம்' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள்.

இந்தத் திரிபு தமிழுக்கு ஓர் உதவி செய்தது. வடமொழியில் வலிமையைக் குறிக்கும் 'பல' அதிர்வொலியில் தொடங்குவது. கனியையும் விளைவையும் குறிக்கும் இன்னொரு 'பல' அதிராத ஒலியில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே பகரம்தான். பேச்சு இந்தச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொண்டது. அதிர்ந்த ஒலி எகரம் ஏற்றுப் பெலன் ஆயிற்று. அதிராதது பலனாகவே நின்றது. செய்ததற்குக் கிடைப்பது பலன். செய்வதற்கு வேண்டியது பெலன்.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் நிலைநிறுத்தியது தமிழ் பைபிள். அதன் வரலாற்றின் ஓர் இழை சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் வந்து முடிகிறது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்தவராகப் பள்ளிகளை நடத்திய பீட்டர் பெர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கினார். அது 1850இல் வெளிவந்தது. பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் அச்சிட்டார். 1882இல் ஏற்காட்டில் காலமானார். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் இவருடைய மருமகன். பூட்டும் ஏற்காட்டில் வாழ்ந்தவரே. பெர்சிவலின் மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வந்த மொழிபெயர்ப்பே இன்றுவரை சீர்திருத்த சபை வீடுகளில் இருக்கிறது.

அந்த பைபிளைப் புரட்டினால் இரு சொற்களும் வேலை பிரித்துக்கொண்டிருப்பது தெரியும். ஆபத்துக் காலத்துக்கு என்றே பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 46ஆம் சங்கீதத்தின் முதல் அடியில் அடைக்கலத்தை அடுத்து நிற்பது பெலன். ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் கர்த்தருக்குக் காத்திருப்பவர்கள் பெறுவது புதுப்பெலன். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், பிறர் பார்க்க வேண்டுமென்று தெருமுனையில் நின்று ஜெபிப்பவர்களைப் பற்றி இயேசு பேசும் இடத்தில் வருவது பலன். அவர்கள் அதை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்கிறார். 'பலம்' என்ற எழுத்தும் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது. பெலனும் பலனும் மட்டும் குழம்புவதில்லை. 1995இல் வந்த திருவிவிலியம் ஆற்றல், வலிமை போன்ற தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டது. அதனால் கத்தோலிக்கப் பீடத்தில் பெலன் அருகிவிட்டது. பெலவேந்திரன் என்ற பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது.

பெர்சிவல் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. 1871க்கும் 1881க்கும் இடையில், ஏற்காடு அடங்கிய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்தப் பின்னணியில் அந்திரேயாவின் கதையை வாசித்தால் இந்தப் பெயர் வேறுவிதமாகத் தெரியும். பசித்த கூட்டத்தின் நடுவே ஒரு பையனிடம் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இருப்பதைக் கண்டு சொன்னவர் அந்திரேயா. சொன்ன கையோடு, இத்தனை பேருக்கு இது எந்த மூலைக்கு என்று கேட்டவரும் அவரே. பெலத்தைப் பெயராகப் பெற்றவர் இந்தச் சுவிசேஷக் காட்சியில் முன்னே வருவது ஒரு போதாமையைச் சொல்லிக்கொண்டுதான். போதாது என்று அறிந்தும், இருப்பதை முன்னே கொண்டுவந்து வைத்தார்.

ஏற்காட்டில் இதே பொருளுடைய இன்னொரு பெயரும் உண்டு. 1917இல் அங்கே மான்ஃபோர்ட் பள்ளியைத் தொடங்கியவர்கள் புனித கபிரியேல் சபைத் துறவறச் சகோதரர்கள். கபிரியேல் என்ற எபிரேயப் பெயரின் முன்பாதிக்கு அடியான சொல், வலிமையுள்ள ஆண்மகனைக் குறிப்பது, பின்பாதி கடவுள். கடவுளின் வலிமை என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். கிரேக்கத்தில் அந்திரேயாவின் அடிச்சொல் எங்கே நிற்கிறதோ, எபிரேயத்தில் இதுவும் அங்கேதான் நிற்கிறது. தானியேல் ஆகமத்தில், நாடிழந்து பாபிலோனில் வாழ்ந்த தானியேல் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கபிரியேல் வந்து சேர்கிறார். அதற்கு முந்தைய அதிகாரத்தில், முகங்குப்புற விழுந்து கிடந்தவரைத் தொட்டு எழுப்பி நிறுத்தியவரும் அவரே. தானியேல் ஊர் திரும்பியதாக அந்த நூல் சொல்லவில்லை. கிடைத்தது காலூன்றி நிற்கும் பெலன் மட்டும்.

சின்னப்பருக்கும் அப்படித்தான் நடந்தது. உடம்பில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார், முள் நீங்கவில்லை. கிருபை போதும் என்ற பதிலே வந்தது.

பலனுக்கும் பெலனுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஊர்ப் பேச்சு நன்றாகவே அறிந்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், எந்த மதத்தவரானாலும், "உடம்புல பெலனே இல்ல" என்பார். போதகர் வீட்டுக்கு வந்தால், "ஐயா, ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போங்க" என்று வீட்டார் கேட்பார்கள். நோய் குணமாக, கடன் தீர, வேலை கிடைக்க என்று விண்ணப்பங்கள் முதலில் அடுக்கப்படும். அவையெல்லாம் பலன் கேட்பவை. கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் ஜெபம் முடியும் தறுவாயில் பெரும்பாலும் இன்னொரு வரியும் வந்துவிடும்: இதைத் தாங்கிக்கொள்ளப் பெலன் தாரும் ஆண்டவரே. கேட்ட பலன் வராமலே போகலாம் என்பதை ஜெபிப்பவர் அறிவார், கண்மூடி நிற்கும் வீட்டாரும் அறிவார்கள். அப்படிப் போனாலும் மறுநாள் எழுந்து அடுப்பு மூட்டவும் வேலைக்குப் போகவும் வேண்டுமே, அதற்காகவே அந்தக் கடைசி வரி.

இப்போதெல்லாம் 'பெலன்' என்று கண்டால் அச்சுப்பிழை என்று நினைத்துப் 'பலன்' என்று திருத்திவிடுகிறார்கள். அந்த ஓர் எழுத்து மாறினால் ஜெபத்தின் கேள்வியே மாறிவிடும்: 'இதைத் தாங்க என்ன வேண்டும்' என்று கேட்டவர், 'இதனால் என்ன கிடைக்கும்' என்று கேட்டவராகிவிடுவார்.