எருதுத்தலை அரக்கனும் ஏதென்ஸ் நகரமும்

கி.மு. 399-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகர நீதிமன்றம் சாக்ரட்டீசுக்கு மரண தண்டனை விதித்தது. ஆயினும் அத்தண்டனை உடனே நிறைவேற்றப்படவில்லை. டீலோஸ் தீவில் உள்ள அப்போலோவின் திருத்தலத்திற்கு ஏதென்ஸ் மக்கள் ஆண்டுதோறும் ஒரு கப்பலை அனுப்புவது வழக்கம். விசாரணைக்கு முதல் நாள்தான் அக்கப்பலுக்கு மாலை சூட்டியிருந்தனர். கப்பல் போய்த் திரும்பும் வரையில் நகரம் தூய்மையோடு விளங்கவேண்டும். அரசு எவர் உயிரையும் வாங்கலாகாது என்பது விதி. அவ்வாண்டு கப்பல் திரும்பிவர முப்பது நாட்கள் சென்றன. அந்த முப்பது நாளும் சாக்ரட்டீஸ் சிறையில் நண்பர்களோடு அளவளாவிக் கொண்டிருந்தார்.

ஒரு ஞானிக்கு ஒரு மாத ஆயுளை அளித்தவர் யார்? அரசரும் அல்லர், நீதிபதியும் அல்லர். ஒரு பழங்கதையே அதனை அளித்தது. அக்கதையை முதலில் கேட்போம்.

கிரீட் தீவை மைனாஸ் என்னும் பெருமன்னன் ஆண்டுவந்தான். அவன் மகன் ஏதென்ஸ் நாட்டில் இறந்தான். பழிதீர்க்கப் படையெடுத்து வந்த மைனாஸ், ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் திறையாக அனுப்புமாறு ஏதென்சைப் பணித்தான். மனித உடலும் எருதின் தலையும் கொண்ட மினோட்டார் என்னும் அரக்கனுக்கு அவர்கள் இரையாயினர் என்பது கதை. உள்ளே புகுந்தவர் வெளிவர வழியறியாத சுழல்வழிக் கட்டடம் ஒன்றில் அவ்வரக்கன் அடைபட்டிருந்தான். மூன்றாம் முறை திறை செலுத்தும் காலம் வந்தபோது, பெற்றோரின் அழுகுரல் கேட்ட இளவரசன் தீசியஸ் தானும் அவர்களுள் ஒருவனாகப் புறப்பட்டான். மைனாசின் மகள் அரியாட்னி அளித்த நூலுருண்டையின் துணையால் உட்சென்று அரக்கனைக் கொன்று மீண்டான். ஆனால், வெற்றியின் அடையாளமாக வெள்ளைப் பாய் கட்ட மறந்தான். கரும்பாயோடு கப்பல் வரக் கண்ட தந்தை ஈஜியஸ், மகன் மாண்டான் என்று எண்ணி வீழ்ந்து உயிர்விட்டான். இளைஞரை மீட்டுத் தந்தமைக்காக அப்போலோவுக்குச் செலுத்தும் நேர்த்திக்கடனே மேற்கூறிய டீலோஸ் யாத்திரை.

இக்கதைக்குப் பொருள் என்ன? இவ்வினா நம் காலத்து ஆராய்ச்சியாளர் புதிதாக எழுப்பியதன்று, கிரேக்கரே எழுப்பியது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி வாழ்ந்த புளூட்டார்க், தீசியசின் வரலாற்றை எழுதும்போது, தமக்கு முன்னோர் கூறிய விளக்கங்களைத் தொகுத்துத் தருகிறார். அவற்றுள் ஒன்று கிரீட் மக்களே கூறியது. அந்தக் கட்டடம் வெறும் சிறைச்சாலை. மைனாஸ் தன் மகனின் நினைவாக நடத்திய பந்தயங்களில் வென்றவர்க்கு அவ்விளைஞர் பரிசாக அளிக்கப்பட்டனர். வென்றவன் டாரஸ் என்ற படைத்தலைவன் என்றனர். டாரஸ் என்னும் சொல்லுக்கு எருது என்பது பொருள். இவ்வாறு அரக்கன் மறைந்து ஒரு கொடிய சேனாதிபதி அவ்விடத்தில் நிற்கிறான். நம்பத்தகாததை நீக்கி நம்பத்தக்கதை நிறுத்தும் இம்முறை அன்றே மிகவும் பரவியிருந்தது.

இம்முறையின் குறையைச் சாக்ரட்டீசே சுட்டிக் காட்டியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். வாடைக் காற்றின் தெய்வம் ஓர் இளவரசியைத் தூக்கிச் சென்ற கதையை நம்புகிறீரா என்று ஒரு நண்பர் ஆற்றங்கரையில் வினவினார். காற்று அடித்துப் பாறையிலிருந்து வீழ்ந்து அவள் மாண்டாள் என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிடலாம்; ஆனால் அவ்வாறு தொடங்கினால் பாதி மனிதனும் பாதி குதிரையுமான பிறவிகளுக்கெல்லாம் விளக்கம் தேடவேண்டும்; தம்மையே இன்னும் அறியாத தமக்கு அதற்கு ஓய்வில்லை என்றார் சாக்ரட்டீஸ். கதையை விளக்க மறுத்த அவருக்கே ஒரு கதை ஒரு மாத வாழ்வைத் தந்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு வழிகள் தோன்றின. இருக்கு வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர், 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், புராணங்கள் பல ஞாயிற்றையும் விடியலையும் பற்றிய பழஞ்சொற்கள் பொருள் மறைந்து கதையாக உருமாறியவை என்றார். எந்த வீரனையும் சூரியனாக்கிவிட இக்கொள்கை இடந்தந்தமையால் பின்னர் அது நகைப்புக்கு உள்ளாயிற்று. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேன் ஹாரிசன் முதலியோர், சடங்கே முந்தியது, சடங்குக்குக் காரணம் கூற எழுந்ததே கதை என்றனர். அவ்வாறாயின் டீலோஸ் கப்பல் தீசியசால் பிறந்ததன்று. தீசியஸ் அக்கப்பலால் பிறந்தவன் என்றும் கூற இடமுண்டு.

1900-ஆம் ஆண்டில் ஆர்தர் எவன்ஸ் கிரீட் தீவின் நாசஸ் என்னுமிடத்தில் அகழத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான அறைகளும் வளைந்து செல்லும் நடைவழிகளும் கொண்ட பெரியதொரு மாளிகை வெளிப்பட்டது. பாய்ந்து வரும் காளையின் முதுகின்மேல் ஒருவர் தலைகீழாகத் தாவும் சுவரோவியமும் கிடைத்தது. அங்குக் கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் கட்டடக்கலைஞர் படித்தறிந்தார். அம்மொழி பழைய கிரேக்கமே என்பதை 1952 ஜூலை முதல் நாள் பி.பி.சி. வானொலிப் பேச்சொன்றில் உலகுக்கு அறிவித்தார். அவ்வேடுகளுள் ஒன்று, எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு குடம் தேன், சுழல்வழியின் தலைவிக்கு ஒரு குடம் தேன் என்று கணக்கு வைத்திருப்பதாக அறிஞர் பலர் கொள்கின்றனர். கதையில் அரக்கன் இருந்த இடத்தில், கணக்கேட்டில் தேன் பெறும் ஒரு தேவி வீற்றிருக்கிறாள்!

அகழ்வாராய்ச்சி கதையை மெய்ப்பித்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். நாம் அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை. மாளிகை இருந்தது, காளை விளையாட்டு இருந்தது என்பது மட்டுமே தெளிவு. பதினான்கு பிள்ளைகள் அனுப்பப்பட்டனர் என்பதை எந்த ஏடும் கூறவில்லை.

இனி, கதையைச் சொன்னவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். ஹோமர் மைனாசைத் தெய்வத்தோடு உரையாடிய மன்னனாகப் போற்றுகிறார். துசிடிடீஸ், கப்பற்படை அமைத்துக் கடற்கொள்ளையரை ஒடுக்கிய முதல்வனாக அவனைக் குறிப்பிடுகிறார். அவனைக் கொடுங்கோலனாக்கியது ஏதென்ஸ் நாடகமேடையே. சொல்வளமும் இலக்கியமும் படைத்த நகரத்தைப் பகைத்துக்கொள்வது எத்துணை ஆபத்தானது என்று புளூட்டார்க் இதனைச் சுட்டுகிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இக்கூற்று மிகவும் பொருளுடையதாகத் தோன்றுகிறது. நூல் எழுதிய நாட்டின் பக்கமே நியாயம் நிலைத்துவிடுகிறது. எழுதாத நாட்டுக்கு வாதாட ஆளில்லை.

ஏதென்ஸ் கதையைச் சொல்லியதோடு நிற்கவில்லை; பயன்படுத்தியும் கொண்டது. கி.மு. 475-ஐ ஒட்டி ஸ்கைராஸ் தீவைக் கைப்பற்றிய தளபதி கைமன், அங்கே தீசியசின் எலும்புகளைக் கண்டெடுத்ததாகக் கூறி ஆரவாரத்தோடு நகருக்குக் கொணர்ந்தான். கிரேக்கர் இத்தகையோரைக் குறித்த சொல்லை நாம் வீரன் என்று பெயர்த்தால் பொருள் குறைபடும். இறந்தபின் தன் கல்லறையில் படையல் பெற்று, தன்னை நம்பினோரைக் காப்பவன் என்பதே அதன் பொருள். நடுகல்லை அறிந்த தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். படையெடுப்பின் பெருமைக்காகக் கட்டிய அக்கல்லறை, பின்னர் ஓடிவந்த அடிமைகளுக்கும் வலியோருக்கு அஞ்சிய எளியோருக்கும் புகலிடமாயிற்று. ஆள்வோர் கதையை ஒரு நோக்கத்தோடு எடுத்தாண்டனர். எளியோர் அதனுள் தமக்குரிய பொருளைக் கண்டனர்.

இறுதியாக ஒரு விளக்கம். தீசியசுக்கு முன் இருமுறை சென்ற பிள்ளைகள் என்ன ஆயினர் என்று நாம் கேட்பதில்லை. அரக்கன் உண்டான் என்ற சொல்லோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் இதனை ஏற்கவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார். அவர்கள் கொல்லப்படவில்லை, கிரீட்டில் அடிமைகளாக உழைத்து முதுமை எய்தினர் என்பது அவர் கருத்து. அவர்கள் வழிவந்தோர் பிற்காலத்தில் டெல்பிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே பிழைக்க வழியின்றி இத்தாலிக்கும், அங்கிருந்து திரேஸ் நாட்டுக்கும் பெயர்ந்து குடியேறினர். அக்குடியின் பெண்கள் வழிபாடொன்றின்போது, ஏதென்சுக்குப் போவோம் என்னும் பொருள்படப் பாடும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததாம்.

அவர்களுள் ஒருத்தியேனும் ஏதென்சைக் கண்டதில்லை; பாட்டியின் பாட்டியும் கண்டிருக்கமாட்டாள். எனினும் பாட்டு நிற்கவில்லை. இதுவும் மெய்யோ, கதையோ. ஆயினும் மற்றைய விளக்கங்கள் அரக்கன் யார் என்று ஆராய்ந்தபோது, இது ஒன்றே அந்தப் பிள்ளைகள் யார் என்று ஆராய்ந்தது. பிறந்த ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நேயர்கள், தம் பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொல்லும் இரவுகளில் இதனையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம்.