சாதர்: ஒரு நீர்ப்பாதையின் கடைசிக் குளிர்காலங்கள்

லடாக்கில் ஜனவரி நடுவில் ஓர் ஆறு பாதையாகிவிடும். ஆற்றின் பெயர் ஜான்ஸ்கர், பாதையின் பெயர் சாதர். இந்தியில் சாதர் என்றால் போர்வை, விரிப்பு. ஆறு அடிவரை உறைந்து கல்லாகிவிடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலே ஐஸ், கீழே தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நடக்கிறவர்களின் காலுக்கடியில் ஆறு பேசிக்கொண்டே வரும்.

மீஞ்சூரில் நாங்கள் நாலு பேர் போன மழைக்காலத்திலிருந்து இந்தப் பாதைக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தன் எக்ஸெல் ஷீட் போட்டுவிட்டான். லே வரைக்கும் ஃப்ளைட் டிக்கெட், ஜாக்கெட் வாடகை, லீவு, டாக்டர் சர்ட்டிஃபிகேட் என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. நமக்கு முன்னால் அங்கே யார் நடந்தார்கள், எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. அதைத் தேடிப் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஜான்ஸ்கர் ஒரு பள்ளத்தாக்கு. சுமார் பதினான்காயிரம் பேர் வாழ்கிற, 3,500 மீட்டருக்கு மேல் இருக்கிற நிலம். மேற்கே பென்சி லா கணவாய், தெற்கே ஷிங்கு லா. நவம்பர் வாக்கில் பனி விழுந்தால் இரண்டும் மூடிக்கொள்ளும். வடக்கே மட்டும் ஒரு ஓட்டை. பதும் ஊருக்கு அருகே இரண்டு கிளைகள் சேர்ந்து உருவாகும் ஜான்ஸ்கர் ஆறு, மலையை வெட்டிக்கொண்டு போய் நிம்முவில் சிந்து நதியில் விழுகிறது. அந்த வெட்டுக்குள் கோடையில் யாரும் நடக்க முடியாது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் சுழித்து ஓடும் தண்ணீர், கரை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆக, வருஷத்தில் மற்ற மாதங்களில் வழியை அடைக்கிற அதே ஆறுதான் குளிர் உச்சத்தில் ஒன்றிரண்டு மாதம் வழியைக் கொடுக்கிறது. மற்ற எல்லாப் பாதையும் மூடும்போது இது திறக்கும்.

வெயில் அந்த இடுக்குக்குள் சில மணி நேரம்தான் எட்டிப் பார்க்கும். இரவில் மைனஸ் 20, 25 சகஜம். ஓரங்களிலிருந்து ஐஸ் வளர ஆரம்பித்து, மேலிருந்து மிதந்து வரும் ஐஸ் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு விரிப்பாகும். ஆறு வேகமாகப் பாயும் இடங்களில் நடுவே திறந்தே கிடக்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், மேகம் வந்தால்தான் ஜான்ஸ்கர்க்காரர்கள் கவலைப்படுவார்கள் என்பது. வானம் தெளிவாக இருந்தால் ராத்திரி பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடும், ஐஸ் இறுகும். மேகம் மூடினால் சூடு தங்கிவிடும், ஐஸ் இளகும். கீழே எங்காவது ஐஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்வாங்கி விரிப்புக்கு மேலேயே ஏறி ஓடும். நம் ஊரில் மேகம் என்றால் நல்ல சேதி. அங்கே குளிர்காலத்தில் அது கெட்ட சேதி.

இந்தப் பாதையில் போனது முக்கியமாக வெண்ணெய். கோடையெல்லாம் மலை மேய்ச்சலில் கடைந்து சேர்த்த வெண்ணெயை முதுகில் கட்டிக்கொண்டு, ஆண்கள் குழுவாக லே சந்தைக்கு நடந்தார்கள். உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர் இல்லாமல் லடாக்கில் ஒரு நாளும் நகராது, கோயில் விளக்குக்கும் வெண்ணெய்தான். ஜான்ஸ்கர் வெண்ணெய்க்கு லேயில் நல்ல பெயர். விற்ற காசில் வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு, ஐஸ் உடைவதற்குள் அதே வழியில் திரும்ப வேண்டும். பதுமிலிருந்து சில்லிங் வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ராத்திரி தங்கல் ஆற்றோரக் குகைகளில். ஆறு ஒதுக்கிப்போட்ட கட்டைகள்தான் விறகு. முன்னால் போகிறவர் கையில் ஒரு தடி இருக்கும். ஐஸைத் தட்டித் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் அடுத்த அடி. அந்தச் சத்தம் அப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொள்வது.

பின்னாளில் வெண்ணெயோடு குழந்தைகளும் போனார்கள். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளை லேயில் உள்ள விடுதிப் பள்ளியில் திரும்பச் சேர்க்க, அப்பாக்கள் ஐஸ் மேல் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப் போனார்கள். ஆற்றில் விழுந்தவர்கள் உண்டு, திரும்பாதவர்கள் உண்டு. நம்மவர்கள் வீடியோவில் ‘சாகசம்’ என்று தலைப்பு போடுகிறோமே, அது அவர்களுக்கு ஸ்கூல் வேன்.

வெளியாட்கள் கதைக்கு வருவோம். 1823இல் அலெக்ஸாண்டர் சோமா என்கிற ஹங்கேரிக்காரர் ஜான்ஸ்கரின் ஜங்லா ஊருக்கு வந்து சேர்ந்தார். தன் இனத்தின் பூர்வீகம் ஆசியாவில் எங்கோ இருக்கிறது என்று தேடி, பெரும்பகுதி நடந்தே வந்தவர். வழியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் மூர்கிராஃப்டைச் சந்தித்தார். அந்தப் பழக்கம்தான் அவரைத் திபெத்திய மொழி பக்கம் திருப்பியது. ஜங்லாவில் சாங்க்யே பூன்ட்சோக் என்ற லாமாவோடு, ஒரு சின்ன அறையில், சுமார் பதினாறு மாதம். குளிரில் கையை ஆட்டுத்தோலுக்குள்ளிருந்து வெளியே எடுப்பதே கஷ்டம் என்கிற நிலையில் சொல் சொல்லாகச் சேர்த்தார். அந்தத் திபெத்திய-ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் அச்சானது. தேடிவந்த பூர்வீகம் கிடைக்கவில்லை. 1842இல் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார்.

அகராதி வெளிவந்த அதே 1834இல்தான் ஜம்முவின் டோக்ரா தளபதி சோராவர் சிங் லடாக்குக்குள் படையோடு நுழைந்தார். ஜான்ஸ்கரும் அவர் கைக்குப் போனது. பிறகு திபெத்துக்குள் புகுந்து, 1841 டிசம்பரில் மானசரோவர் பக்கம் செத்துப்போனார். அவர் படையை எதிரியோடு சேர்ந்து குளிரும் கொன்றது. சூடு காய்வதற்குத் துப்பாக்கியின் மரக்கட்டையை எரித்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தை மதிக்காதவனுக்கு அங்கே ராஜா, தளபதி என்கிற வித்தியாசமெல்லாம் கிடையாது.

அதே காலத்தில் நம்ம மெட்ராஸிலும் ஐஸ் வந்து இறங்கியது. பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் டூடர், குளத்தில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். கிளம்பும்போது 180 டன், நாலு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தது 100 டன் சுமார். மெட்ராஸில் அந்த ஐஸை வைக்கக் கட்டிய கிடங்குதான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். நம் பக்கத்து ஆட்கள் ஐஸோடு பழகியது இப்படித்தான், சுமக்கிற ஆளாக. இன்றைக்கும் காசிமேட்டில் விடிகாலையில் போனால் ஐஸ் பாரை உடைத்து மீன் பெட்டியில் கொட்டுகிறவர்களைப் பார்க்கலாம். முழங்கால் வரை ரப்பர் கம்பூட் போட்டிருப்பார்கள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், சாதருக்கும் அதேதான் செருப்பு. பல ஆயிரம் ரூபாய் ட்ரெக்கிங் ஷூவை மூட்டையில் கட்டிவிட்டு, லே கடைத்தெருவில் கம்பூட் வாங்கி மாட்டச் சொல்கிறார்கள். ஐஸ் மேல் ஏறி ஓடும் தண்ணீரில் இறங்கி நடக்க அதுதான் சரி. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து, பென்குயின் மாதிரி நடக்க வேண்டும்.

1974இல் லடாக்கை வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 1980 வாக்கில் கார்கிலிலிருந்து பென்சி லா வழியாகப் பதுமுக்கு வண்டிப் பாதை வந்தது, அதுவும் கோடைக்கு மட்டும். குளிர்கால நடை பல வருஷம் ஒரு சிலரின் பைத்தியமாகவே இருந்தது. பிறகு போட்டோ வந்தது, இன்டர்நெட் வந்தது, கூட்டம் வந்தது. வெண்ணெய் சுமந்த வம்சத்துப் பையன்கள் இப்போது நம் டென்ட்டையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் சறுக்குவண்டியில் வைத்து இழுக்கிறார்கள். கைடும் போர்ட்டரும் சமையல்காரரும் அவர்கள்தான். கூலி நல்ல கூலிதான். ஆனால் தடியைத் தட்டிச் சத்தம் கேட்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று எக்ஸெல்லில் எப்படிப் போடுவது?

ஆபத்து ஒன்றும் குறையவில்லை. 2014ஆம் வருஷக் கடைசி நாளில் புக்தல் மடாலயம் இருக்கும் பக்கத்தில் மலை சரிந்து கிளையாறு ஒன்றை அடைத்தது. ஏரி மாதிரி தேங்கிய தண்ணீர் 2015 மே 7 அன்று உடைத்துக்கொண்டு வந்து பாலங்களை அடித்துப் போனது. 2020 ஜனவரியில் ஐஸ் உடைந்து நேரக் பக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாட்டிக்கொள்ள, விமானப்படை ஹெலிகாப்டரில் தூக்கினார்கள். இப்போது லேயில் குறைந்தது மூன்று நாள் தங்கி, மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகுதான் விடுகிறார்கள். சென்னையிலிருந்து ஃப்ளைட்டில் நேராகப் போய் 3,500 மீட்டரில் இறங்குகிறவர்களுக்கு இது சம்பிரதாயம் இல்லை. உடம்பு ரத்தத்தைத் திருத்திக்கொள்ள நாள் வேண்டும். கடல் மட்டத்தில் வளர்ந்த நுரையீரல்கள் நம்முடையவை. எங்கள் ஷீட்டில் இதற்கு இரண்டு நாள்தான் போட்டிருந்தது, நாலாக்கிவிட்டோம்.

“ஐஸ் மேல நடக்கவாடா போறீங்க? அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?” என்று கேட்டது என் அம்மா. பதுமில் ஒரு அம்மாவும் இதையே கேட்கக்கூடும் என்று நினைக்கிறேன். அவருக்குச் சாதர் என்பது ஜனவரியில் வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத தூரம்.

இனி ரோடு. நிம்முவிலிருந்து பதும் வழியாக தார்ச்சா வரை 298 கிலோமீட்டர். அந்த இடுக்குப் பாறையை வெடிவைத்து வெட்டி, பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு, எல்லைச் சாலை அமைப்பு 2024 மார்ச் 25 அன்று இரு முனைகளையும் இணைத்தது. ஷிங்கு லாவுக்கு அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப் பாதைக்கு அதே வருஷம் ஜூலை 26 அன்று முதல் வெடி வைத்தார்கள். ராணுவத்துக்கு இது தேவை. ஜான்ஸ்கர் மக்களும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ட்ரெக் ஏற்கெனவே குட்டையாகிவிட்டது. சில்லிங்கிலிருந்து நடந்த இடங்களுக்கு இப்போது வண்டி போகிறது. அங்கிருந்து நேரக் வரை நடந்து, உறைந்த அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் இன்றைய சாதர். தலைக்கு மேலே பாறையில் ரோடு, கீழே ஐஸில் நாம்.

“போறதுக்குள்ள ஒருவாட்டி பார்த்துடணும் மச்சான், இனிமே இருக்காது” என்று எங்கள் குழுவில் ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எல்லா ட்ரெக் விளம்பரமும் இதையே சொல்கிறது. எனக்கு இந்த வாக்கியம் கொஞ்சம் உறுத்துகிறது. ஏனென்றால் இப்படிச் செத்த நீர்ப்பாதை ஒன்று எங்கள் ஊருக்குக் கிழக்கே கிடக்கிறது. அதை ஒருவாட்டி பார்த்துடணும் என்று யாரும் ஃப்ளைட் பிடித்து வந்ததில்லை.

பக்கிங்ஹாம் கால்வாயைச் சொல்கிறேன். பாசில் காக்ரேன் என்பவர் 1801இல் ஆரம்பித்து 1806க்குள் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய பதினோரு மைல்தான் அதன் முதல் துண்டு. அப்புறம் பழவேற்காடு, அதற்கும் வடக்கே கிருஷ்ணா நதி வரை நீண்டது. 1877-78 தாதுவருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்குக் கூலி கொடுத்து கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்துக்கொண்டது. நெல், உப்பு, ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துச் சவுக்கு விறகு எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் முடியாத இடத்தில் கரையிலிருந்து கயிறு கட்டி ஆள் இழுப்பான். பேசின் பிரிட்ஜ் என்ற பெயரிலுள்ள ‘பேசின்’ அந்தப் படகுகள் நின்ற தேக்கம்தான். ரயிலும் லாரியும் வந்தன, அடுப்பில் விறகு போய் கேஸ் வந்தது, 1965, 66 புயல்கள் கரையை உடைத்தன. முடிந்தது. நகருக்குள் அதன் நடுவிலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டார்கள்.

கயிறு இழுத்த ஆளுக்கு லாரி வந்தபோது துக்கமாக இருந்திருக்குமா? தோளில் காய்ப்புக் காய்த்தவன் அவன். நான் அவன் சார்பாக அழமாட்டேன். ஆனால் இன்னொன்றும் நடந்தது. படகு போனபோது அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு காரணம் இருந்தது, தூர் வாரினார்கள், மதகு பார்த்தார்கள். பாதை என்கிற வேலை போனதும் அது வெறும் பள்ளம். பள்ளத்தில் எதையும் கொட்டலாம். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் அதிலேயேதான் இறங்கினார்கள்.

ஜான்ஸ்கரில் ரோடு வருவது பற்றி எனக்குக் குறை இல்லை. பயம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆற்றின் மேல் யாருக்கும் காரியம் இல்லாமல் போன பிறகு அந்த ஆற்றை யார் தட்டிப் பார்ப்பார்கள்? வெடிவைத்த பாறைக் கழிவு ஆற்றில் விழுந்தால் ‘இங்கே ஐஸ் சரியாகப் பிடிக்கவில்லை’ என்று முதலில் கண்டுபிடிப்பவர் அதன் மேல் நடக்கிறவர்தான். குளிர்காலங்கள் சூடாகிக்கொண்டு வருவதையும் அங்கே தடிதான் முதலில் சொல்லியிருக்கும்.

ஷீட்டில் சில திருத்தங்கள் செய்திருக்கிறோம். சென்னை கம்பெனியை விட்டுவிட்டு லேயில் ஜான்ஸ்கர் ஆட்களே நடத்துகிற குழுவிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். குப்பை திரும்ப வரும், மனிதக் கழிவு உட்பட, அதற்கு ஒரு கட்டம். ஐஸ் பிடிக்காவிட்டால் நடக்காமல் திரும்புவதற்கும் ஒரு கட்டம், அந்தப் பணம் போர்ட்டர்களுக்கு முழுசாகப் போகும்படி. நேரக்கிலிருந்து வண்டி கிடைத்தால் ஜங்லா வரை போய், சோமா உட்கார்ந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். ரோட்டில்தான் போக வேண்டும். மற்ற மூன்று பேரும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.