தாலாட்டுப் பாடியவர் யார்?



1990களில் எனது இரவு நிகழ்ச்சியில் 'ஸ்வீட் லல்லபை' என்ற பாடலை அடிக்கடி ஒலிபரப்பினேன். பிரான்சின் எரிக் மூக்கே, மிஷெல் சான்செஸ் இருவரும் 'டீப் ஃபாரஸ்ட்' என்ற பெயரில் கலையகத்தில் உருவாக்கி, 1992இல் வெளியிட்ட பாடல் அது. நடனத் தாளத்தின் மேல் ஒரு பெண்குரல் மிதந்து வரும். இசைத்தட்டில் பிக்மி மக்களின் குரல்களும் இருந்ததால், "இது ஆபிரிக்கக் காட்டுத் தாலாட்டு" என்று அறிவித்தேன்.

நான் சொன்னது பிழை. அந்தக் குரல் பசிபிக் கடலில் உள்ள சொலமன் தீவுகளுக்குரியது. மலைத்தா தீவின் பாயெகு இனப் பெண் அஃபுனாக்வா பாடியதை, 1970ஐ ஒட்டி இசை ஆய்வாளர் ஹியூகோ செம்ப் பதிவு செய்தார். 1973இல் யுனெஸ்கோ இசைத்தட்டு வரிசையில் அது வெளிவந்தது. பெற்றோரை இழந்த தம்பியைத் தேற்றும் தாலாட்டு அது. அதற்குத்தான் நாம் ஆடினோம்!

பிழை என்னோடு நிற்கவில்லை. நோர்வே சாக்சபோன் கலைஞர் யான் கர்பரெக் 1996இல் அதே மெட்டை 'பிக்மி லல்லபை' என்ற பெயரில் வெளியிட்டார். அதே ஆண்டு செம்ப் தமது கட்டுரையில் 'டீப் ஃபாரஸ்ட்' பாடலைக் கண்டித்து எழுதினார்.

இசை கலப்பதில் குற்றமில்லை. அந்தத் தாளம் இல்லாவிட்டால் அக்குரல் என்னிடம் வந்தே இராது. ஆனால் நம் அம்மம்மாவின் தாலாட்டை வேறொரு நாட்டின் பாட்டென்று யாரும் அறிவித்தால் நமக்கு எப்படியிருக்கும்?

இப்போது அப்பாடலை ஒலிபரப்பும்போது, அஃபுனாக்வாவின் பெயரையே முதலில் சொல்கிறேன்.