வீட்டில் செய்யும் மூளைத் தூண்டல்

மனச்சோர்வு நோயாளி ஒருவர், மருத்துவரின் மேற்பார்வையில், தன் வீட்டில் இருந்தபடியே தலைக்கு மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்துக்கொள்ளும் சிகிச்சை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளை நெற்றியின் இருபுறமும் பொருத்தி, 2 மில்லியாம்பியர் அளவில் 30 நிமிடம் விடுவது வழக்கம். தோலில் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். பட்டை பட்ட இடம் சிவக்கலாம். நினைவு தப்பாது.

ஊரில் 'ஷாக் வைப்பது' என்று அஞ்சுகிற சிகிச்சை இது அல்ல. அது 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியது. அதில் வலிப்பை வரவழைப்பார்கள். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் தடுக்கிறது.

மெல்லிய மின்சாரத்தின் கதை அதைவிடப் பழையது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கையைத் தலையில் வைக்கச் சொன்னார். 1801-ல் மின்னியல் ஆய்வாளர் கால்வானியின் சகோதரி மகன் அல்தீனி, மனம் இடிந்துபோன ஒரு விவசாயிக்கு வோல்டாவின் மின்கலத்தால் சிகிச்சை தந்தார். 1964-ல் பிரிட்டனில் ரெட்ஃபெர்ன், லிப்போல்ட் குழுவினர் மனச்சோர்வுக்கு இதை முயன்றார்கள். பிறகு ஆர்வம் வற்றியது. 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேயும் பவுலஸும், இந்த மின்சாரம் மூளையின் தூண்டல் திறனை மாற்றுவதை அளந்து காட்டியதும் மீண்டும் உயிர் பெற்றது.

சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுசென்றதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சித்தரஞ்சன் ஆண்ட்ராடே 2013-ல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்கு மனச்சிதைவு; குளோசபின் மருந்துக்கும் அடங்காமல் காதில் குரல்கள் ஓயாது கேட்டன. வீட்டிலேயே தினமும் ஒருமுறை அல்லது இருமுறை, மூன்றாண்டு காலம் தூண்டல் தொடர்ந்தது.

மனச்சோர்வுக்கான பெரிய சோதனைகள் பின்னர் வந்தன. 2024-ல் 'நேச்சர் மெடிசின்' இதழ் வெளியிட்ட சோதனையில் பிரிட்டன், அமெரிக்காவைச் சேர்ந்த 174 பேர் பங்கேற்றனர். பத்து வாரத்தில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினரும், போலித் தூண்டல் பெற்றவர்களில் 22 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டனர். அதே ஆண்டு வெளியான, பிரேசிலில் 210 பேரிடம் நடந்த சோதனையிலோ போலித் தூண்டலைவிட உண்மைத் தூண்டல் மேம்பட்டதாகத் தெரியவில்லை. ஆகவே இதை மாத்திரைக்கோ ஆலோசனைக்கோ மாற்றாக இப்போதே சொல்லிவிட முடியாது. இணையத்தில் கருவி வாங்கித் தானே தலையில் மாட்டிக்கொள்வது கூடவே கூடாது.

ஆனாலும் விழுப்புரம் போன்ற மாவட்டங்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய ஆராய்ச்சி. அந்த பிரிட்டன், அமெரிக்கச் சோதனையின் அட்டவணை முதல் 3 வாரம் வாரத்துக்கு 5 முறை, அடுத்த 7 வாரம் வாரத்துக்கு 3 முறை: மொத்தம் 36. இதை மருத்துவமனையில்தான் செய்ய வேண்டுமென்றால், திண்டிவனத்துக் கூலித்தொழிலாளி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரிக்கோ 36 நாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. உதவி தேடுவோர், 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.