அனுமதிச் சீட்டும் ஆழ்கடல் திமிங்கலமும்



நம் வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசுல ஸ்டாம்ஃபோர்டு ரோட்டு மியூசியத்துல ஒரு திமிங்கல எலும்புக்கூடு தொங்கும்டா! அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தே வலிக்கும்" என்பார்கள். அது கட்டுக்கதை அன்று. 1892ஆம் ஆண்டு மலாக்காவுக்கு அருகே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கி இறந்தது. ஏறக்குறைய 42 அடி நீளமுள்ள அதன் எலும்புக்கூடு 1907 முதல் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொங்கியது. 1974இல் அது மலேசியாவுக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்தது. இன்று லாபுவான் தீவில் இருக்கிறது.

அந்தத் திமிங்கலத்தை யாரும் கொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில் மற்றக் கடல்களில் நடந்தது வேறு கதை. விளக்கெரிக்கவும், சவர்க்காரம் செய்யவும், பிற்பாடு மார்ஜரின் செய்யவும் திமிங்கல எண்ணெய் வேண்டியிருந்தது. வடக்கே திமிங்கலம் அருகிப்போகவே, கப்பல்கள் தெற்கே திரும்பின. 1904இல் தென் ஜார்ஜியா தீவில் நார்வேக்காரர்கள் முதல் நிலையத்தை அமைத்தார்கள். 1925க்குப் பிறகு, பிடித்த திமிங்கலத்தைக் கப்பலிலேயே இழுத்துப் போட்டு அறுத்துக் காய்ச்சும் மிதக்கும் தொழிற்சாலைகள் வந்தன. 1930-31 பருவத்தில் மட்டும் தென்துருவக் கடலில் 40,000க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கொல்லப்பட்டன!

இப்படியே போனால் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்ற அச்சம் பிறந்தது. 1946 டிசம்பரில் வாஷிங்டனில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அனைத்துலகத் திமிங்கல ஆணையம் அதன் வழியாகத்தான் உருவாயிற்று. அந்த உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுதான் நம் கட்டுரையின் கதாநாயகன். அறிவியல் ஆராய்ச்சிக்காகத் திமிங்கலத்தைக் கொல்ல, ஓர் அரசு தன் நாட்டவருக்குத் தனி அனுமதி கொடுக்கலாம் என்கிறது அது. எத்தனை கொல்லலாம் என்பதையும் அந்த அரசே முடிவு செய்யலாம். ஆராய்ந்து முடித்த உடலை வீணாக்காமல் இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே இறைச்சி சந்தைக்கு வந்தது.

அனுமதி கொடுப்பவரும் அவரே, கணக்குச் சொல்பவரும் அவரே! இதில் உள்ள ஓட்டை உங்களுக்குப் புரிகிறதல்லவா?

1982இல் ஆணையம் வாணிகத் திமிங்கல வேட்டையை நிறுத்தி வைக்கத் தீர்மானித்தது. 1985-86 பருவம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்து 1987இல் ஜப்பான் 8ஆம் பிரிவின்கீழ் தென்துருவக் கடலில் ஆராய்ச்சி வேட்டையைத் தொடங்கியது. முதல் திட்டம் 18 ஆண்டுகள் நடந்தது. அதில் 6,700க்கும் மேற்பட்ட மிங்கி திமிங்கலங்கள் உயிரிழந்தன. 2005இல் தொடங்கிய இரண்டாம் திட்டம், ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மிங்கி திமிங்கலங்களை இலக்காக வைத்தது.

ஜப்பான் தரப்பையும் நாம் கேட்க வேண்டும். "கடலில் எத்தனை உண்டு, எந்த வயதில் குட்டி போடுகிறது என்று தெரியாமல் எப்படிப் பாதுகாப்பது?" என்று அவர்கள் கேட்டார்கள். திமிங்கலத்தின் காதுக்குள் மெழுகு படலம் படலமாகச் சேரும். மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல அதை எண்ணி வயதைக் கணக்கிடலாம். உயிருள்ள திமிங்கலத்தின் காதிலிருந்து அதை எடுக்க இயலாது. இது உண்மைதான்.

ஆனாலும் ஆஸ்திரேலியா 2010இல் ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நியூசிலாந்தும் தலையிட்டது. 2014 மார்ச் 31ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். இந்தியாவைச் சேர்ந்த நீதிபதி தல்வீர் பண்டாரி 12 பேரில் ஒருவர். இரண்டாம் திட்டத்தில் ஏறக்குறைய 3,600 மிங்கி திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருந்தன. அறிஞர்கள் சரிபார்த்து வெளியிட்ட கட்டுரைகளாகக் காட்டப்பட்டவையோ இரண்டே. அவையும் ஒன்பது திமிங்கலங்களைப் பற்றியவை. அதில் அறிவியலே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சொன்ன நோக்கத்துக்கும் செய்த செயலுக்கும் பொருத்தமில்லை, ஆகவே அந்த அனுமதிகள் ஆராய்ச்சிக்கானவை அல்ல என்றது. அவற்றை ரத்து செய்யவும் உத்தரவிட்டது.

தொழிலாளத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். உங்கள் வேலை பெர்மிட்டில் ஒரு வேலை எழுதியிருக்கும். கட்டுமான வேலைக்கென்று பெர்மிட் வாங்கிவிட்டுக் கடையில் நின்று வியாபாரம் பார்த்தால் விடுவார்களா? "பெர்மிட்டுல என்ன எழுதியிருக்கு, நீ செய்றது என்ன?" என்றுதானே கேட்பார்கள்! ஹேக் நீதிமன்றம் ஓர் அரசைப் பார்த்துக் கேட்டதும் இதே கேள்விதான்.

அதன்பின் ஜப்பான் ஆண்டுக்கு 333 என்ற குறைந்த எண்ணிக்கையோடு வேறொரு திட்டத்தைத் தொடங்கியது. 2019 ஜூன் 30ஆம் நாள் ஆணையத்தை விட்டே விலகியது. தென்துருவ வேட்டையைக் கைவிட்டு, மறுநாள் முதல் தன் சொந்தக் கடலில் வாணிக வேட்டையைத் தொடங்கியது.

இந்த வரலாற்றை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், கொல்லாமலே ஆராய்ச்சி பண்ண முடியாதா?" என்றாள். முடியும், அம்மா! வால் துடுப்பைப் படம் பிடித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம். சிறு அம்பு எய்து கொஞ்சம் தோல் எடுக்கலாம். அதன் குரலைப் பதிவு செய்யலாம்.

இதற்குச் சான்று நம் சிங்கப்பூரிலேயே உண்டு. 2015 ஜூலை 10ஆம் நாள் ஜூரோங் தீவுக்கு அப்பால் 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் ஸ்பெர்ம் திமிங்கலம் ஒன்று இறந்து மிதந்தது. முதுகில் கப்பல் மோதியது போன்ற பெரிய காயம். லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தார் துர்நாற்றத்தையும் பாராமல் அதை அறுத்து ஆராய்ந்தார்கள். வயிற்றில் 1,800க்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள்! கூடவே பிளாஸ்டிக் குவளையும் கிடந்தது. அது என்ன தின்றது, நாம் கடலில் என்ன எறிந்தோம் என்ற இரண்டையும் அந்த ஒரு வயிறு சொல்லிவிட்டது. 'ஜூபி லீ' என்று பெயர் சூட்டப்பட்ட அதன் எலும்புக்கூட்டை இன்றும் அங்கே காணலாம். விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் விஞ்ஞானிகள் ஆகலாம். அனுமதிச் சீட்டில் கையொப்பமிடும் அதிகாரியும் ஆகலாம். ஆராய்ச்சி என்பது பெரிய சொல். அதைப் பெயருக்கு எழுதிவிட்டு வேறு காரியம் பார்க்காதீர்கள். எழுதியது ஒன்று, செய்வது ஒன்று என்றிருந்தால், ஒருநாள் யாராவது கணக்குக் கேட்பார்கள். கேட்கும் துணிவும் உங்களுக்கு வேண்டும். கேட்டால் பதில் சொல்லும் நேர்மையும் வேண்டும்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் மாணவர்!